அண்மை விளி

ஒரு சொல்லுக்காகத்தாம்மா மதுரைக்குப் போறேன். சொன்னா சிரிப்ப. கல்யாணம் இல்ல, காதுகுத்து இல்ல, ஆஸ்பத்திரிச் செலவு இல்ல. ஒரு புத்தகத்துல ஒரு சொல்லை மாத்தணும்கறாங்க. மாத்தக் கூடாதுன்னு நேர்ல சொல்லிட்டு வரலாம்னு கெளம்பிட்டேன். போன்ல சொன்னா, மாத்தச் சொல்ற பொண்ணு ஒருத்தி இருக்கா, அவ பேசியே என்னைக் கரைச்சிருவா. எனக்கு முகத்தைப் பாத்தாத்தான் நறுக்குன்னு பேச வரும். முப்பது வருஷத்துக்கு மேல வகுப்புல நின்னு பேசினவ நான்.

நீ ஆரப்பாளையம் வரைக்கும் வர்றதானே? சரி, அந்தப் பையைக் கீழ வெச்சுக்கோ, மடியில எதுக்குச் சுமக்கற. எனக்குப் பஸ்ல பேசாம வர முடியாது, முன்னாடியே சொல்லிடறேன். உனக்குத் தூக்கம் வந்தா தூங்கு. நான் தப்பா நெனக்க மாட்டேன். ஒட்டன்சத்திரத்துல வண்டி நிக்கற நிப்புக்கு எப்படியும் முழிச்சிருவ.

என் பேரு சொர்ணவல்லி. பழனியில பொண்ணுங்க பள்ளிக்கூடத்துல தமிழாசிரியையா இருந்தேன். என்கூடவே வேலைக்குச் சேந்தவ வேதநாயகி. வேதான்னு கூப்பிடுவோம். அவளும் தமிழ்தான். ஆனா நான் தமிழ் சொல்லிக்குடுத்தவ, அவ தமிழ் எழுதினவ. கவிஞர். இருந்த காலத்துல பெரிய பேரெல்லாம் கெடையாது. ஒரே ஒரு புத்தகம், 'இரண்டு சாவி'ன்னு பேரு, பழனியிலயே ஒரு அச்சகத்துல போட்டது. போன வருஷம் போய்ச் சேந்துட்டா. இப்ப ஆளாளுக்கு அந்தப் புத்தகத்தைத் தேடறாங்க. இருந்தப்போ ஒருத்தரும் ஒரு கூட்டத்துக்குக்கூட அவளைக் கூப்பிடல.

அவ பாட்டெல்லாம் பழைய அகப்பாட்டுச் சாயல்ல இருக்கும். நீயும் படிச்சிருப்ப, மனப்பாடப் பகுதின்னு வந்து உயிரை வாங்கியிருக்கும். தலைவின்னு ஒருத்தி இருப்பா. தலைவன்னு ஒருத்தன், பொருள் தேடிப் போயிருப்பான், இல்லேன்னா வர்றேன்னு சொன்ன நாளைக்கு வந்திருக்க மாட்டான். அவ மனசுல உள்ளதையெல்லாம் தோழிகிட்டச் சொல்லுவா. பாட்டுக்குத் தலைமாட்டுல ஒரு வரி போட்டிருப்பாங்க, இது யார் சொன்னது, யாருக்குச் சொன்னதுன்னு. அதுக்குக் கூற்றுன்னு பேரு. தலைவி கூற்று, தோழி கூற்று, இப்படி. வேதா பாட்டுலயும் ஒரு தலைவி பேசுவா, ஒண்ணு விடாம எல்லாமே தோழியைக் கூப்பிட்டுச் சொல்றதுதான். நடைதான் பழசு. உள்ள இருக்கறது மண்ணெண்ணெய் ஸ்டவ், கொசுவலை, மாடிப்படின்னு நம்ம வீட்டுச் சாமான்.

நல்ல பாட்டும்மா. அதுல எனக்கு ரெண்டாவது பேச்சு இல்ல. எனக்கு வேதாமேல ஒரே ஒரு மனத்தாங்கல்தான். அந்தத் தலைவன் யாருன்னு என்கிட்டச் சொல்லாமயே போயிட்டா. நான் அவகிட்ட எதை மறைச்சேன்? மாமியார் என்னைச் சொன்ன சொல்லு, புருஷன் வாங்கின கடன், பையன் ஃபெயிலானது, எல்லாம் அவ காதுக்குத்தான் மொதல்ல போகும். அவ எனக்கு இந்த ஒண்ணைச் சொல்லல.

கல்யாணத்துக்கு முன்னாடி நாங்க ரெண்டு பேரும் அடிவாரத்துல ஒரு மாடி அறை எடுத்துத் தங்கியிருந்தோம். ஆளுக்கு ஒரு சாவி. அவளுக்கு இடது தோள்பட்டை சின்ன வயசுல எறங்கிப்போய் சரியாவே கூடல. கையைத் தலைக்கு மேல தூக்க முடியாது. முடியோ இடுப்புக்குக் கீழ தொங்கும். காலையில பின்னி விடறதும் நான், சாயங்காலம் வந்து அவிழ்த்து விடறதும் நான். சிக்கு எடுக்கறப்போ ஒரு சத்தம் போட மாட்டா. கண்ணை மூடிக்கிட்டு ஒக்காந்திருப்பா. வேற யாரு தொட்டாலும் நோகுதும்பா. ஊருக்குப் போனா அவங்க அம்மாவைக்கூடத் தொட விடமாட்டா, அப்படியே கட்டின பின்னலோட வந்து என் முன்னால ஒக்காருவா. எனக்கும் அது பழகிப்போச்சு. அந்த முடியில வர்ற சீயக்கா வாசனை இன்னைக்கும் எனக்கு எங்க இருந்தாவது வரும்.

அப்புறம் எனக்குக் கல்யாணம் ஆச்சு. மாப்பிள்ளை மின்வாரியத்துல. தங்கமான மனுஷன், ஒரு நாள் கை நீட்டினதில்ல, குரல் ஒசத்தினதில்ல. வேதாதான் முன்னால நின்னு எல்லா வேலையும் பாத்தா. மண்டபத்தை விட்டுக் கடைசியாப் போனவ அவதான். என் சாவியை அவகிட்டக் குடுத்தேன். நீயே வெச்சுக்கோ, எப்பவாவது வருவியில்லன்னா. எதுக்குடி, வேற யாராவது டீச்சர் பங்குக்கு வந்தா வேணும்லன்னு சொல்லி அவ கையில திணிச்சுட்டு வந்தேன். வேற யாரையும் அவ சேத்துக்கல. அந்தச் சம்பளத்துல முழு வாடகையும் தனியாவே குடுத்தா. பிடிவாதக்காரி.

இப்ப நான் சொல்றதைக் கவனி. அதுவரைக்கும் அவ ஒரு வரி எழுதினவ இல்ல. என் கல்யாணம் முடிஞ்ச கையோட ஆரம்பிச்சா, அடுத்த நாலஞ்சு வருஷம் நிக்கவே இல்ல. எல்லாமே பிரிவுப் பாட்டு. அப்ப என்ன அர்த்தம்? அந்தச் சமயத்துலதான் எவனோ ஒருத்தன் உள்ள நுழைஞ்சு, ஆசை காட்டி, விட்டுட்டுப் போயிருக்கான். நான் பக்கத்துல இல்லாத நேரமாப் பாத்து வந்திருக்கான். நான் அந்த அறையிலயே இருந்திருந்தா அவ அப்படி எழுதுற மாதிரி ஆகியிருக்குமா, சொல்லு.

நான் சும்மா இருக்கல. ஆம்பளைப் பசங்க பள்ளிக்கூடத்துல இயற்பியல் வாத்தியார் ஒருத்தர், தங்கராசுன்னு பேரு. தேர்தல் வேலைக்குப் போனப்போ வேதாவும் அவரும் ஒரே சாவடி. அவர்தான்னு எனக்குத் தோணிப்போச்சு. நேரா அவர் வீட்டுக்கே போயிட்டேன். அவர் சம்சாரம் காப்பி போட்டுக் குடுக்குது, நான் காப்பியை வாங்கி வெச்சுக்கிட்டு அந்த மனுஷனைக் கிழிக்கறேன். அவருக்குப் பாவம் ஒண்ணும் புரியல. மை பாட்டிலைக் குடுங்க டீச்சர்னு கேட்டதைத் தவிர அவங்ககிட்ட நான் பேசினதே இல்லம்மான்னாரு. வேதாகிட்ட வந்து சொன்னேன். சிரிச்சா பாரு, அப்படிச் சிரிச்சா. வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சவ, அப்படியே தேம்பித் தேம்பி அழுதா. அப்புறம் கொஞ்ச நாள் என்கிட்டப் பேசல. நான்தான் வலியப் போய்ப் பேசினேன். அவ பேசாம இருந்தா எனக்குச் சோறு எறங்காது.

புத்தகம் போடலாம்னு சொன்னதும் நான்தான். எனக்குப் பொறுக்கல, இவ்வளவும் டிரங்குப் பெட்டியில கெடந்து மக்குதேன்னு. அச்சகத்துல பேசினது, தாள் எடுத்தது, புரூஃப் பாத்தது எல்லாம் நான். அப்பெல்லாம் எழுத்தை ஒவ்வொண்ணாப் பொறுக்கிக் கோக்கறது. காவன்னாவுக்குக் கால் விட்டுப்போகும், றகரம் ரகரமா மாறும். நான் செகப்பு மையோட ஒக்காந்தா ஒரு பிழை தப்பாது. அதுல ஒரு பாட்டு. எனக்கு மனப்பாடமாவே இருக்கு.

பின்னலை அவிழ்க்காமலே
உறங்கப் பழகிவிட்டேன், தோழி.
நோகாமல் அவிழ்க்கத் தெரிந்தவை
உன் விரல்கள் மட்டுமே.

உன் விரல்னு கோத்திருக்கான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நீயே யோசிச்சுப் பாரும்மா. தலைவி பேசறா, தோழிகிட்டப் பேசறா. தோழி அங்கதானே நிக்கறா? பக்கத்துல நிக்கறவ விரலுக்கு ஒருத்தி ஏன் ஏங்கணும்? அவிழ்த்து விடுடின்னா அவிழ்த்து விட்டுட்டுப் போறா. பிரிஞ்சு போனவன் தலைவன், அப்ப அவன் விரல்னுதானே வரணும். உன்னை அடிச்சிட்டு அவன்னு எழுதினேன். பாட்டுக்கு மேல கூற்றும் நானே போட்டேன். 'பிரிவாற்றாத தலைவி, தலைவன் தன் கூந்தல் தீண்டியதை நினைந்து தோழிக்கு உரைத்தது.' நல்லா அமைஞ்சிருக்கில்ல? புத்தகம் பூராவும் அப்படி ஒவ்வொரு பாட்டுக்கும் போட்டேன். இல்லேன்னா படிக்கறவங்களுக்கு ஒண்ணும் பிடிபடாது.

வேதாகிட்டக் காட்டினேன். அந்தத் தாளை ரொம்ப நேரம் பாத்தா. ஒரு பிழைக்கு இவ்வளவு நேரமாடின்னுகூடக் கேட்டேன்.

"அவன் விரல்தான் சரியா, சொர்ணம்?"

"இலக்கணப்படி அதான் சரி."

"நீ திருத்தினா சரியாத்தான் இருக்கும். மீதியை நான் பாக்கல. நீயே எல்லாத்தையும் சரி பண்ணிடு."

பாத்தியா, எம்மேல எவ்வளவு நம்பிக்கைன்னு. தலைவலின்னு மொகம் கழுவப் போனவ வெளிய வர ரொம்ப நேரமாச்சு. நான் உக்காந்து மீதியையும் முடிச்சேன். அதே மாதிரி இன்னும் சில எடத்துல உன், உனக்குன்னு வந்திருந்துச்சு, எல்லாத்தையும் ஒழுங்கு பண்ணினேன். அச்சுக்கோக்கறவனைப் போய் நல்லாக் கேட்டேன். கையெழுத்துல இருக்கறபடிதாம்மா கோத்தேன்னு சாதிச்சான். அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க.

அந்தப் புத்தகத்தோட அவ எழுதறதை நிறுத்திட்டா. ஏண்டின்னு கேட்டா, சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன், போய்ச் சேரலன்னா. விக்கலைங்கறதைத்தான் சொல்றான்னு நெனச்சேன். உண்மைதான், கட்டுக் கட்டா எங்க வீட்டுப் பரண்லதான் கெடந்துச்சு. நான் ஆறுதல் சொன்னேன், கவிதை எல்லாம் எந்தக் காலத்துலடி வித்துச்சுன்னு.

அதுக்கப்புறம் எல்லாருக்கும் போலத்தான் காலம் ஓடுச்சு. சனிக்கிழமை ஆனா அவ என் வீட்டுக்கு வருவா, இல்ல நான் போவேன். ஒரு தடவை அவளைத் தாராபுரத்துக்கு மாத்திட்டாங்க. நான் அழுத அழுகையைப் பாத்துட்டு எங்க வீட்டுக்காரர் சொன்னாரு, உங்க அம்மா செத்தப்பகூட நீ இப்படி அழலையேன்னு. அந்த மனுஷன் வெகுளி. மனசுல பட்டதை அப்படியே சொல்லிடுவாரு.

அவ போனதுக்கு அப்புறம் பாத்தா, புத்தகத்து உரிமையை எம்பேருக்கு எழுதி வெச்சிருக்கா. தம்பி பசங்க இருக்காங்க, அவங்களுக்கு வெக்காம எனக்கு எதுக்கு? அதனாலதான் இப்ப நான் சரின்னு சொன்னாத்தான் மறுபதிப்பு வரும். வேண்டாம்னா வராது.

அந்தப் பொண்ணு பேரு ஜெனிட்டா. ஆராய்ச்சி பண்றா. அவதான் மதுரைப் பதிப்பகத்துக்காரங்ககிட்டப் பேசி எல்லா ஏற்பாடும் பண்ணினவ. எங்க வீட்டுக்கு வந்தா, முதுகுல ஒரு பை, காலுல ஆம்பளைச் செருப்பு. பாட்டுல ஒரு சொல்லு விடாமத் தெரிஞ்சு வெச்சிருக்கா. எனக்குப் பிடிச்சுப்போச்சு, ஏன் இல்லேன்னு சொல்லணும். வேதா பாட்டைப் பத்தி என்கிட்ட ஒருத்தர் அவ்வளவு நேரம் பேசி எத்தனை காலமாச்சு. அப்புறம்தான் பையில இருந்து பழைய சிறுபத்திரிகை ஒண்ணை எடுத்தா. புத்தகத்துக்கு முன்னாடி அந்தப் பின்னல் பாட்டு அதுல வந்திருக்கு, வேதா எனக்குத் தெரியாம அனுப்பியிருக்கா. அதுல உன் விரல்கள்னுதான் இருக்கு. யாரும்மா இதை மாத்தினதுன்னு கேட்டா. நான்தான்னு பெருமையாச் சொன்னேன். அந்தப் பொண்ணு டீ தம்ளரைக் கீழ வெச்சுட்டா.

அப்புறம் கேக்கறா, தலைவன் எங்கம்மான்னு. புத்தகம் பூராத் தேடினாளாம். அவன் நடந்து வர்ற சத்தம்கூட எங்கயும் இல்லையாம். கூற்று வரியில மட்டும்தான் தலைவன் இருக்கானாம். அவன் பிரிஞ்சு போனவன், அதான் இல்லன்னேன். பிரிஞ்சு போனவனுக்கு ஒரு தோள் இருக்கும், ஒரு பேச்சு இருக்கும், விட்டுட்டுப் போன ஒரு பொருளாவது இருக்கும், இங்க எல்லாம் தோழியோடதாத்தானே இருக்குங்கறா. அப்புறம் மெதுவாச் சொன்னா, இது ஒரு பொண்ணு இன்னொரு பொண்ணைக் காதலிச்ச பாட்டும்மான்னு.

வேதாவை என்னன்னு நெனச்ச, எந்திரிச்சு வெளிய போன்னுட்டேன். அவ போகல. நான் விளக்கம் சொன்னேன். ஆம்பளைங்க தங்களைப் பொண்ணா நெனச்சுக்கிட்டு ஆண்டவன்மேல காதலாப் பாடலையா, அதெல்லாம் ஒரு பாவனை, இதுவும் அப்படி ஒரு பாவனைன்னு சொன்னேன். அதுக்கு அவ, அங்க ஆம்பளை பொண்ணாகலாம்னா இங்க பொண்ணு பொண்ணாவே இருக்கக் கூடாதாம்மாங்கறா. அந்தக் கூற்று வரியெல்லாம் பாடினவங்க போட்டதில்ல, பின்னால வந்தவங்க போட்டதுன்னு எனக்கே பாடம் எடுக்கறா. தெரியாதா எனக்கு? ஆனா அந்த வரி இல்லேன்னா யார் யார்கிட்டப் பேசறாங்கன்னே தெரியாது, யார் வேணும்னாலும் யார்கிட்ட வேணும்னாலும் பேசலாம்னு ஆயிடும்ன்னேன். அப்படி ஆயிட்டா என்னம்மான்னு கேட்டா. கேட்டுட்டு என் முகத்தையே பாத்தா.

அதுக்கப்புறம் அவ சொன்னதுதான் எனக்கு இன்னும் உறுத்திக்கிட்டே இருக்கு.

"எங்களை மாதிரி இருக்கறவங்களுக்குத் தமிழ்ல ஒரு வரிகூட இல்லன்னு நெனச்சிட்டிருந்தேம்மா. எங்க அம்மா, இதெல்லாம் வெளிநாட்டு வியாதின்னாங்க. பழனியில ஒரு மாடி அறையில ஒரு டீச்சர் எழுதியிருக்காங்கன்னு தெரிஞ்சப்போ பஸ் ஸ்டாண்டுன்னுகூடப் பாக்காம அழுதேன். அந்த ஒரு சொல்லை எனக்குத் திருப்பிக் குடுங்கம்மா."

சாப்பிட்டுப் போம்மான்னேன். வாத்தியார் புத்தி, அழற புள்ளையப் பாத்தா மொதல்ல சோத்தைப் போடத்தான் தோணும். சாப்பிட்டா. கெளம்பறப்போ, கூற்று வரியைக் கையால மூடிக்கிட்டு ஒரே ஒரு தடவை வாசிச்சுப் பாருங்கன்னு சொல்லிட்டுப் போனா.

மூடிப் பாத்தேன். ஏன் பொய் சொல்லணும். கொசுவலைக்கு ஒரு முனை கட்ட ஆள் இல்லைன்னு ஒரு பாட்டு. எங்க அறையில அந்த முனையை நான்தான் கட்டுவேன், அவளுக்குத்தான் கை எட்டாதே. அதை எடுத்துப் பாட்டுல வெச்சுக்கிட்டா. கவிஞருங்க அப்படித்தான், கெடைச்ச சாமானையெல்லாம் எடுத்துப் போட்டுக்குவாங்க. படியில செருப்புச் சத்தம் கேட்டா எழுந்து ஸ்டவ்வைப் பத்த வெக்கற மாதிரி ஒரு பாட்டு. அதுவும் அந்த அறைதான். ஒரு சாவியைப் பூட்டுக்கும் இன்னொரு சாவியைத் தலகாணிக்கு அடியிலயும் வெச்சுக்கிட்டுத் தூங்கறதா ஒரு பாட்டு. சாவின்னா தலைவனோட நெஞ்சுன்னு நான் குறிப்பு எழுதியிருக்கேன், வேணும்னா காட்டறேன். படிக்கப் படிக்கக் கண்ணு ரெண்டும் எரிஞ்சு தண்ணியா ஊத்துச்சு. கண்ணாடி மாத்தணும், டாக்டர்கிட்டப் போக நேரம் இல்ல.

அசிங்கம்னு சொல்லத்தான் அன்னைக்கு வாய் வந்துச்சு. அந்தப் பொண்ணு முகத்தைப் பாத்ததும் வரல. இப்பவும் வரல. ஆனா என் பையன் பெங்களூர்ல இருக்கான், பேத்தி காலேஜ்ல படிக்கறா. இந்தப் புத்தகம் அவ காலேஜ்லயே பாடமா வந்தா? தோழி யாருன்னு எவனாவது கேட்டா? ஜெனிட்டாவும் கேட்டா, அந்தத் தோழி யாரும்மான்னு. தோழிக்கு யாருன்னு என்ன இருக்கு, அது மரபுன்னு சொல்லிட்டேன்.

அவகிட்ட ஒண்ணை மட்டும் நான் சொல்லல. உன்கிட்டச் சொல்றதுல என்ன, எறங்கினா நீ யாரோ நான் யாரோ.

போன வருஷம் திண்டுக்கல் ஆஸ்பத்திரியில வெச்சிருந்தோம் அவளை. மூச்சுதான் பிரச்சினை. நான்தான் கூட இருந்தேன். அன்னைக்கு மத்தியானம் கொஞ்சம் தெளிவா இருந்தா. முடியெல்லாம் கொட்டி ஒரு விரக்கடை பின்னல்தான் மிச்சம். அதை அவிழ்த்துச் சிக்கெடுத்து விட்டேன். கண்ணை மூடிக்கிட்டா. எனக்குத் தாங்கல. இந்தத் தடவை விட்டா இனி கேக்க முடியாதுன்னு தெரிஞ்சு போச்சு. கேட்டுட்டேன்.

"வேதா, இப்பவாவது சொல்லு. நான் யார்கிட்டயும் சண்டைக்குப் போக மாட்டேன். அந்தத் தலைவன் யாரு?"

கண்ணைத் தெறந்து என்னையே பாத்தா. சிரிக்கற மாதிரி இருந்துச்சு.

"தோழி," அப்படின்னா.

அவ்வளவுதான். அதுக்கப்புறம் பேச்சு வரல. மறுநாள் போயிட்டா.

உசிரோட இருந்த காலம் பூரா அவ என்னைச் சொர்ணம்னுதான் கூப்பிட்டா. ஒரு நாள் தோழின்னு கூப்பிட்டதில்ல, அது பாட்டுக்குள்ள மட்டும் வர்ற சொல்லு. அதனால, அவ ஏதோ ஒரு பாட்டை ஆரம்பிச்சிருக்கா, முடிக்க மூச்சு இல்ல. அப்படித்தான் நான் முடிவு பண்ணினேன். ஜெனிட்டாகிட்டச் சொன்னா வேற மாதிரி எடுத்துக்குவா.

ஆனா இலக்கணம்னு ஒண்ணு படிச்சுத் தொலைச்சிருக்கேனே, அது விட மாட்டேங்குது. கூப்பிடறதுக்கு விளின்னு பேரு. தோழின்னு கூப்பிட்டா கடைசி எழுத்து நீளும், தோழீன்னு. அவ நீட்டல, குட்டையாத்தான் சொன்னா. ஆனா கிட்டத்துல இருக்கறவங்களைக் கூப்பிட்டா நீட்ட வேண்டியதில்ல, உள்ளபடியே சொல்லலாம். அதுக்கு அண்மை விளின்னு பேரு. நான் கட்டில் ஓரத்துலதானே ஒக்காந்திருந்தேன், அவ முடி என் கையிலதானே இருந்துச்சு. அதனால அண்மை விளி. அதுல பிழை இல்ல. விளியா இல்லாமப் போனாத்தான் வில்லங்கம். வெறும் பேரா ஆயிடும். அப்ப அவ கூப்பிடல, பதில் சொல்லியிருக்கா. யாருன்னு நான் கேட்டேன், அவ பேரைச் சொல்லியிருக்கா.

இல்லம்மா. அண்மை விளிதான். எத்தனையோ தடவை பாத்துட்டேன், அண்மை விளியாத்தான் இருக்கணும்.

என்ன அப்படிப் பாக்கற. நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம், தண்ணியிருந்தா கொஞ்சம் குடு. சமயநல்லூர் தாண்டிருச்சு, இனி ஊர் வந்துரும்.

வேண்டாம்னுதான் சொல்லப்போறேன். கூற்றை எடுக்கணும்னா எடுத்துக்கட்டும், குறிப்பையெல்லாம் கிழிச்சுப் போட்டாலும் போடட்டும், என் பேரு அதுல இருக்கணும்னு இல்ல. அந்த ஒரு சொல்லு மட்டும் அவன்னே இருக்கட்டும். அவன்னு இருக்கற வரைக்கும் எவனோ ஒருத்தன் அவளைத் தவிக்க விட்டுட்டுப் போனான்னு நான் திட்டிக்கிட்டிருக்கலாம், இத்தனை வருஷம் திட்டின மாதிரி. உன்னுன்னு அச்சாயிட்டா அது என்னைப் பாத்துச் சொன்னதா ஆயிடும். அப்புறம் நான் பதில் சொல்லணும். பதில் இல்லாம இல்லம்மா. கேக்கறதுக்கு அவ இல்லையே.